அத்தை டீ குடிக்கப் போயிருக்கிறாள்

எங்கள் வீட்டில் டீ என்பது கொத்தனாருக்குக் கொடுப்பது. வெள்ளையடிக்க வந்தவர்களுக்கு, தேங்காய் பறிக்க வந்தவர்களுக்கு, சாக்கடை அடைப்பு எடுக்க வந்தவர்களுக்கு டீ. வீட்டு மனிதர்களுக்குக் காப்பி. இதை யாரும் சட்டமாகப் போட்டு வைக்கவில்லை. ஆனால் அம்மா டீத்தூள் டப்பாவை அடுப்படியில் வைக்க மாட்டாள். புறவாசல் அலமாரியில் சோப்புப் பொடிக்கும் எறும்புப் பொடிக்கும் நடுவில் வைத்திருந்தாள். இதற்கு மேல் என்ன சொல்ல? ஒரு காலத்தில் வயலும் வரப்புமாக இருந்த சைவக் குடும்பம். வயல் போய்விட்டது, காப்பி மட்டும் மிச்சம். மிச்சமிருக்கிற ஒன்றை மனிதர்கள் எப்படிக் கட்டிக்கொண்டு அலைவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வீட்டில் பிறந்த என் அத்தை, அப்பாவின் மூத்த அக்கா, தச்சநல்லூரில் எங்கள் தெரு முக்கிலிருந்த டீக்கடையில் ஆட்டோக்காரர்களோடு நின்று டீ குடித்தாள். காலையில் ஆபீஸுக்குப் போகும்போது ஒன்று, சாயங்காலம் திரும்பி வரும்போது ஒன்று. பெஞ்சு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். அவள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கள் தெருவில் இப்போதும் பாதிப் பேருக்குக் காது நீளும், மீதிப் பேருக்கு வாய் நீளும்.

அவள் குடிக்கிற அழகைச் சொல்ல வேண்டும். ஆபீஸ் பையைத் தோளில் மாட்டியபடி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கிளாஸின் விளிம்பை இரண்டு விரலால் பிடிப்பாள். ஒரு ஊது ஊதுவாள். பிறகு ஒரு உறிஞ்சு. சத்தம் கேட்டால் யாரோ சேலையைக் கிழிக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். கடைசி மடக்கு வந்ததும், மண்டியோடு சேர்த்து ரோட்டு ஓரத்தில் விசிறி வீசுவாள், சுற்றியிருக்கிற ஆம்பிளைகள் வீசுகிற மாதிரியே. எங்கள் அம்மாவுக்கு டீகூடப் பரவாயில்லை, அந்த வீச்சுதான் தாங்கவில்லை. “குடிச்சா குடிச்சிட்டுப் போறாவ, அதை என்னத்துக்கு அப்படி விசிறணும்?” என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

ஏன் இப்படி என்று கேட்டால் அத்தையிடம் பதில் தயாராக இருக்கும், ஆளுக்கு ஒரு பதில். அம்மாவிடம், “காப்பி குடிச்சா நெஞ்சு எரியுதும்மா.” அப்பாவிடம், “ஆபீஸ்ல பழகிட்டுலே.” கோயில் வாசலில் பிடித்துக்கொண்ட எதிர்வீட்டு ஆச்சியிடம், “டாக்டர் சொல்லியிருக்காவ.” என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, “ஏட்டி, உங்க அம்மை போடுத காப்பி நல்லா இருக்காது. வெளிய சொல்லிராத, அவ செத்துருவா” என்றாள். நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அம்மா காப்பியை எனக்கும் குடிக்க முடியவில்லை, அது வேறு விஷயம்.

சாயங்காலம் வீட்டுக்கு யாராவது வந்து, “உங்க நாத்தனார் எங்க?” என்று கேட்டால் அம்மா கண்ணை இமைக்காமல் சொல்வாள்: “மதினி கோயிலுக்குப் போயிருக்காவ.” வந்தவர்கள் முக்குக் கடையைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். அங்கே அத்தை நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். அம்மாவுக்கும் அது தெரியும். இருந்தாலும் கோயில் என்று சொல்ல வேண்டும், அவர்களும் தலையாட்ட வேண்டும். இந்த நாடகத்தில் நான் சின்ன வயதிலிருந்து நடித்திருக்கிறேன். ஒரு தடவை மட்டும் வாய் தவறி, “அத்தை டீ குடிக்கப் போயிருக்கா” என்று உண்மையைச் சொல்லித் தொடையில் கிள்ளு வாங்கினேன்.

அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று எங்கள் வீட்டில் பேசக் கூடாது. நான் ஒருநாள் நேராகவே கேட்டேன். “அங்கன டீ நல்லா இல்லட்டி, வந்துட்டேன்” என்றாள். நான் ரொம்ப நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்தால் நம்பக்கூடியதாகத்தான் இருந்தது.

வாழாவெட்டி என்று ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், அதைக் கண்டுபிடித்தவன் வாயில் வெந்நீரை ஊற்ற வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். மணமேடைப் பக்கம் அத்தையை யாரும் கூப்பிடவில்லை. வரக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை, அதுதான் நம் ஆட்களின் சாமர்த்தியம். எல்லாரும் கேட்கிற மாதிரி, “சுமங்கலிகள் முன்னால வாங்க” என்றார்கள், அவ்வளவுதான். தாலி கட்டி முடிந்து பந்தி போடுகிற நேரத்தில் ஆள் பற்றவில்லை. அப்போது அத்தையைத் தேடினார்கள். காணோம். சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு தேடிப் போனார். அணைக்கட்டுப் பக்கம் ஒரு கடையில், வாழைத்தார் ஏற்றிவிட்டு வந்த ஆட்களோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலை. காற்றில் எவ்வளவு வாழை சாய்ந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பந்தி ஆரம்பிச்சாச்சு. இலை போட ஆளு இல்ல, வா” என்றார் சித்தப்பா.

“தாலி கட்டும்போது தேடல, இலை போடத் தேடுதியளோ?” என்றாள் அத்தை. “டீயைக் குடிச்சிட்டு வாரேன். நீ பைய போ.”

சித்தப்பா பைய போனார். அத்தை இன்னொரு டீ சொன்னாள். எனக்கு அன்றைக்கு அவளை அப்படிப் பிடித்தது.

“எனக்கும் ஒண்ணு வாங்கித் தா அத்தை” என்று கேட்டேன். வாங்கித் தருவாள் என்று நினைத்தால் உங்களுக்கு அவளைத் தெரியவில்லை. டீ விஷயத்தில் அவள் மகா கருமி. காசில் இல்லை, மனதில். “உனக்கு வேணும்னா நீயா வந்து, நாலு பேரு பாக்க நின்னு குடி. நான் மறைச்சு வச்சி ஊட்டவா?” என்றாள். எனக்குத் தைரியம் இல்லை. நாலு பேரில் மூன்று பேர் சொந்தக்காரர்கள். கல்லூரி ஹாஸ்டலில் கதவைச் சாத்திக்கொண்டு டீ குடிக்கப் பழகினேன், ஏதோ தப்புப் பண்ணுகிற மாதிரி. விடுமுறைக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னபோது, “கதவைச் சாத்திட்டா? அதுக்குக் காப்பியே குடிக்கலாமே” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் செத்துப்போய்ச் சில வருஷம் ஆகிறது. நல்ல சாவுதான், படுக்கையில் கிடந்து யாரையும் படுத்தவில்லை. துட்டி வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாதல்லவா? காப்பி போட வழியில்லை. முக்குக் கடை மாஸ்டர் குழாய் வைத்த டிரம்மில் டீயைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, ஓரமாகப் போய் நின்று அழுதார். காப்பிக் குடும்பம் முழுக்க, உட்கார நாற்காலி பற்றாமல், தெருவில் நின்று டீ குடித்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி தூக்கலா இருக்கு” என்றாள். மதினி போன துக்கத்திலும் குறை சொல்லத் தெரிகிறது பாருங்கள். அப்புறம் யாரும் பார்க்காதபோது போய் இன்னொன்று பிடித்துக்கொண்டாள். நான் பார்த்தேன்.

சரி, நான் சொல்ல வந்தது என்னைப் பெண் பார்க்க வந்த கதை.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு இடம். பையன் பெங்களூரில் வேலை. நான் அப்போதுதான் டீச்சர் வேலையில் சேர்ந்திருந்தேன். ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, எல்லாம் கூடி வந்த நேரத்தில் தரகர் அண்ணாச்சி அப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டு ரகசியம் சொன்னார். “பையனோட அம்மா ரொம்ப ஆசாரம் பாக்கிறவுக. உங்க அக்கா கடையில நிக்கது கண்ணுல பட்டுதுன்னா காரியம் கெட்டுரும் பாத்துக்கிடுங்க.”

அப்பா அன்று முழுக்க அத்தையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், “அக்கா, அவுக வார அன்னைக்கு ஒரு நாள் மட்டும்…” என்று இழுத்தார்.

“டீ குடிக்காம இருக்கணுமா, வீட்ல இல்லாம இருக்கணுமா?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “ரெண்டும்” என்றார்.

“ஒண்ணுதாம்லே முடியும்” என்றாள் அத்தை. கோபமே இல்லை. காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற குரல். அவர்கள் வருகிற அன்று மத்தியானமே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நெல்லையப்பர் கோயிலுக்குத்தான் அத்தை போயிருப்பாள் என்று அம்மா நினைத்தாள். தான் சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்ட பொய் அது. எனக்கு மனது என்னவோ போல் இருந்தது. தலை நிறையப் பூ வைத்து, கழுத்தில் இரவல் ஆரம் போட்டு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். என்ன பேசுவது?

வந்தார்கள். பையன் பார்க்க நன்றாகத்தான் இருந்தான், அதுதான் கடுப்பு. பையனின் அம்மா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்து, சாமி படங்களை எண்ணாத குறையாகப் பார்த்து, திருப்தியானாள். அம்மா டம்ளரும் வட்டாவுமாகக் காப்பி கொடுத்தாள். பையனின் அப்பா கனத்த சரீரம், பட்டு வேட்டி. காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு வட்டாவில் வைத்தார். கொஞ்ச நேரம் நெளிந்தார். “மாத்திரையைக் காருல விட்டுட்டேன், எடுத்துட்டு வந்துருதேன்” என்று எழுந்தார். டிரைவரை அனுப்பலாமே என்று அப்பா சொல்வதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

மாத்திரையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மனுஷனுக்கு டீ வேண்டும். நேரே முக்குக் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே யார் நிற்பாள்? அத்தைதான் நிற்பாள். வீட்டை விட்டுத் துரத்தினால் அவளுக்குப் போக வேறு எந்த இடம் இருந்தது?

அங்கே நடந்ததை அத்தை பாதியும் மாஸ்டர் பாதியுமாக எனக்குப் பிற்பாடு சொன்னார்கள்.

“பொண்ணு பாக்க வந்தியளோ?” என்று அத்தைதான் ஆரம்பித்தாளாம்.

“எப்படித் தெரிஞ்சுது?”

“பட்டு வேட்டி கட்டிட்டு இந்தக் கடைக்கு வேற யாரு வருவா? வீடு எப்படி?”

“நல்ல வீடுதான். ஆனா காப்பியைக் குடுத்தே கொல்லுதாவ.”

“பொண்ணு?”

“அதுக்கு என்ன, லட்சணமா இருக்கு. அதான் எனக்கு மனசு கேக்கல” என்றவர் டீயை ஊதிக்கொண்டே சொல்லியிருக்கிறார். “பையனுக்கு இதுல துளிகூட இஷ்டம் இல்லம்மா. பெங்களூர்ல கூட வேலை பாக்குத பிள்ளையை விரும்புதான். என்கிட்ட வந்து அழுதான். அவன் அம்மா கேக்க மாட்டேங்கா. பூ வச்சுக் கல்யாணத்தை முடிச்சிட்டா எல்லாம் சரியாப் போயிரும்ங்கா.”

“நீங்க என்ன சொன்னிய?”

“நான் என்னத்தச் சொல்ல? எங்க வீட்ல ஒரு டீ போடச் சொல்லவே எனக்கு அதிகாரம் கிடையாது.”

முன்பின் தெரியாத பொம்பளையிடம் ஒரு மனுஷன் இப்படிக் கொட்டுவானா என்று கேட்காதீர்கள். அவர் கணக்கில் அது பத்திரமான இடம். ரோட்டுக் கடையில் நின்று, உறிஞ்சிக் குடிக்கிற பொம்பளைக்கும் அந்தக் காப்பி வீட்டுக்கும் சம்பந்தம் இருக்க முடியுமா? முடியாது என்று நினைத்துவிட்டார். பையன் வீட்டாருக்கு எதைக் காட்டக் கூடாது என்று அப்பா அத்தையை வெளியே அனுப்பினாரோ, அதை வைத்தே அவர் அவளை யாரோ என்று எண்ணிவிட்டார். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

அவர் குடித்துவிட்டு முன்னால் வந்துவிட்டார். அத்தை அவசரப்படவில்லை. டீயை முழுக்கக் குடித்து, மண்டியை வீசிவிட்டுத்தான் கிளம்பினாள் என்று மாஸ்டர் சொன்னார்.

இங்கே கூடத்தில் பேச்சு முடிந்திருந்தது. “எங்களுக்குப் பரிபூரண சம்மதம். இன்னைக்கே பூ வச்சிருதோம்” என்று பையனின் அம்மா தட்டிலிருந்து மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்துவிட்டாள். எங்கள் பக்கம் தலையில் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அப்புறம் யாராவது பின்வாங்கினால் அந்தப் பெண்ணுக்குத்தான் பெயர். நான் குனிந்து கொடுத்தேன். அப்போது முன்வாசல் வழியாக அத்தை உள்ளே வந்தாள். கசங்கின நூல் சேலை, தோளில் பை. அப்பா முகத்தில் ரத்தம் வற்றியது. பையனின் அப்பா முகத்தில் அதைவிட வற்றியது.

அத்தை அவரைப் பார்த்து, “என்ன, டீ நல்லா இருந்துதா?” என்றாள்.

“யாரு இது?” என்றாள் பையனின் அம்மா.

“நான் பொண்ணுக்கு அத்தை. இவனுக்கு அக்கா” என்று அப்பாவைக் காட்டினாள். பிறகு பையனிடம் திரும்பினாள். “தம்பி, பூவு உங்க அம்மை கையில இருக்கு. கல்யாணம் உனக்கு. இந்தப் பிள்ளையைக் கட்டிக்கிட உனக்கு இஷ்டமா? நீ சொல்லு.”

பையன் கால் விரலைப் பார்த்தான். “அவனுக்கு எல்லாம் இஷ்டந்தான்” என்றாள் அவன் அம்மா. எனக்குக் கழுத்து வலித்தது. குனிந்தபடியே இருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கனத்த மனுஷர் எழுந்தார். வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். ஒரு டீ போடச் சொல்ல அதிகாரம் இல்லாத மனுஷர், பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்: “பூவைக் கீழ வை.”

“என்ன சொல்லுதிய?”

“கீழ வைங்கேன். அவனுக்கு இஷ்டம் இல்ல. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியாது.” அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “மன்னிச்சிருங்க அண்ணாச்சி.”

சரம் தட்டில் விழுந்தது. அவர்கள் காரைப் பார்த்துப் போனார்கள். அம்மா அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். அப்பா கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். அவர் அத்தையிடம் கத்தி நான் பார்த்ததே இல்லை.

“உனக்கு என்னக்கா? வந்தவுக பூவோட திரும்பிப் போறாவ. நாளைக்கு இந்தத் தெருவுல நான் எப்படி நடக்க? இனிமே இவளை யாரு பாக்க வருவா? பூவை வச்சிட்டுப் போகட்டும், பிறகு நாம பைய விசாரிச்சிருக்கலாம்லா?”

அத்தை பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. “எனக்கும் இதே கூடத்துல வச்சுத்தாம்லே பூ வச்சாவ” என்றாள். “என்னைக் கட்டினவனுக்குத் தென்காசியில ஒரு குடும்பம் இருக்குன்னு வந்திருந்த அம்புட்டு பேருக்கும் தெரியும். அன்னைக்கு அதுல ஒருத்தனுக்காவது வெளிய வந்து ஒரு டீ குடிக்கணும்னு தோணல.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. எனக்காக இல்லை. டீ நல்லா இல்ல, வந்துட்டேன் என்று அவள் சொன்னதை அத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேனே, அதற்காக.

அத்தைக்கு அழுகிறவர்களைக் கண்டால் ஆகாது. “ஏட்டி, நான் டீ குடிக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. அவள் எப்போதும் கூப்பிட மாட்டாள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

பட்டுச்சேலை, இரவல் ஆரம், தலை நிறையப் பூ. அந்தக் கோலத்தில் முக்குக் கடையில் போய் நின்றேன். தெருவில் ஜன்னல் ஜன்னலாகத் தலை முளைத்தது. ஆட்டோக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாஸ்டர் என்னையும் அத்தையையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் இரண்டு கிளாஸ் எடுத்து ஆற்றினார். சீனி தூக்கல். நாக்குச் சுட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு ருசியை நான் அதுவரை கண்டதில்லை. பையன் வீட்டுக் கார் தெருக் கோடிவரை போய்த் திரும்பி எங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பின்சீட்டில் பையனின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்சீட்டில் அவர், அத்தையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அத்தை கிளாஸை லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

கார் போனதும் பார்த்தால், அப்பா வருகிறார். சட்டைகூட மாற்றாமல், நடுத்தெருவில், தலையைக் குனிந்துகொண்டு. இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்து நான் கிளாஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வந்தவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. பாய்லரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, ஒரு டீ போடவா?” என்றார் மாஸ்டர்.

அப்பா தொண்டையைச் செருமினார். “காப்பி இருக்கா?”

“பொடிக் காப்பிதான் இருக்கு.”

“சரி, போடுங்க.”

ஆட்டோக்காரர் ஒருவர் மரியாதையாக எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். அப்பா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் போனார்.

“நின்னு குடிலே” என்றாள் அத்தை.

அப்பா நிமிர்ந்து நின்றுகொண்டார்.